நாலரை அடிக்கு வருஷம் ஒரு கையெழுத்து

சமையலறையிலிருந்து ஓர் ஆண் அழும் சத்தம் கேட்டது.

விசும்பல் இல்லை. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், வாய்விட்டு வந்த அழுகை. வேலியம்மா பேனாவை மூடாமலே நிமிர்ந்தாள். வீட்டில் அப்போது இருந்த ஆண்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் கணவர். இன்னொருவர், "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடறேன் மேடம்" என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எழுந்துபோன பஸ் டிரைவர்.

கணவர் அறை வாசலில் தலையை நீட்டினார். கையில் கரண்டி.

"அழறது நான் இல்ல. முன்கூட்டியே சொல்லிடறேன்."

"என்ன ஆச்சு அவருக்கு?"

"நீ எழுதிக் கொடுத்ததைப் படிச்சிருக்கார். அதான் ஆச்சு. அவசரப்பட்டு வராதே. பாவம், கொஞ்சம் அழுது முடிக்கட்டும்."

வேலியம்மா என்பது நீதிமன்றம் அவளுக்கு வைத்த பெயர். வக்கீலாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. கொலை வழக்கு எடுத்ததில்லை, விவாகரத்து எடுத்ததில்லை. சுவர், வேலி, சந்து, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், இவைதான் அவள் உலகம். "வேலியம்மா வர்றாங்கன்னா ஓணான்கூட ஒதுங்கிப் போகும்" என்று சக வக்கீல்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேஜை, நாலு நாற்காலி, கட்டுக்கட்டாய் வரைபடங்கள். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்ற கணவர், சமையலையும் அவளுடைய மனுக்களில் கால்புள்ளியையும் பார்த்துக்கொண்டார். இரண்டிலும் உப்பு சரியாக இருக்கவேண்டும் என்பார்.

வேலியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரர் கொண்டுவரும் பத்திரத்தை முதலில் தொடமாட்டாள். நேரே இடத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, டேப்பைப் பிடித்து எல்லை நெடுக நடப்பாள். நடந்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

'யாரையும் கேக்கலை' என்று பதில் வந்தால் அவள் முகம் மலர்ந்துவிடும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று நாம் சொல்கிறோம். சட்டம் அதைத் தலைகீழாகச் சொல்கிறது. இடம் கொடுத்திருந்தால் மடம் பிடுங்க முடியாது. யாரும் கொடுக்காத இடத்தில், யாரையும் கேட்காமல், சொந்தக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் அந்த இடம் உட்கார்ந்தவனுக்கு. அதற்குப் பெயர் அனுபவ பாத்தியம். கேட்டவன் விருந்தாளி, கேட்காதவன் சொந்தக்காரன்.

இந்தப் பாடத்தை அவள் சட்டக் கல்லூரியில் படிக்கவில்லை. பதினாலு வயதில், தன் வீட்டுப் பக்கச் சுவர் ஓரத்தில் நின்று படித்தாள். அவளுடைய அப்பா ஒரு மருந்தகத்தில் மாத்திரை கட்டிக் கொடுப்பவர். அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது பக்கத்து வீட்டு மரக்கடைக்காரர் பலகைகளை இவர்கள் சுவரில் சாய்த்தார். அப்பா, "பரவாயில்லை, நாளைக்கு எடுத்துடுவார்" என்றார். நாளை வரவேயில்லை. பலகைக்குக் கூரை வந்தது. கூரைக்குச் சுவர் வந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து நீதிமன்றத்து ஆட்கள் அளக்க வந்தபோது, அப்பா அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அன்றே முடிவு செய்தாள், வக்கீல்தான் ஆவது என்று. ஆனாள். ஆனால் பிழைப்பு என்னமோ மரக்கடைக்காரர்கள் பக்கம் நின்றுதான் நடந்தது. வந்தவர்களெல்லாம் அவர்களாகவே இருந்தால் அவள் என்ன செய்வாள்?

டிரைவரின் வழக்கு அப்படிப்பட்டது இல்லை. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலிதான் கால்கள். வீடு தெருவிலிருந்து ஐந்து படி உயரம். முன்பக்கம் சரிவு போட இடமில்லை. பக்கவாட்டில், அடுத்த வீட்டு நர்சம்மாவுக்குச் சொந்தமான நாலரை அடிச் சந்து சும்மா கிடந்தது. அதில் சரிவுப்பாதை போட்டு, ஓரமாக ஒரு கைப்பிடிக் கம்பியும் வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு டீச்சர் அந்தச் சரிவில் இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறாள். போன வருஷம் நர்சம்மா காலமாகிவிட்டாள். தூர தேசத்தில் கப்பல் கம்பெனியில் பொறியாளராக இருக்கும் மகன் வந்தான். வீட்டை விற்கப் போகிறான். வாங்குபவர், "எல்லையோடு சுவர் எழுப்பிக் கொடு" என்கிறார். சுவர் வந்தால் சரிவு போகும். சரிவு போனால் டீச்சரின் வேலையும் தெருவும் வெளிச்சமும் போகும்.

வேலியம்மா அளக்கப் போன காலையில், டீச்சர் சரிவில் சர்ரென்று இறங்கி வந்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டித் திருப்பி அவள் எதிரில் நிறுத்தினாள்.

"எங்க வீட்டுல பேருக்குத்தான் அவர் டிரைவர். ஓட்டறது நான்," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் வேலியம்மா விழுந்துவிட்டாள். தன் வழக்கமான கேள்வியை அன்றைக்கு மட்டும் அவள் கேட்கவில்லை. "இத்தனை வருஷத்துல யாராச்சும் தடுத்தாங்களா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "இல்ல மேடம், ஆனா..." என்று டிரைவர் ஆரம்பித்தார். "ஆனா எல்லாம் வேணாம். போதும்" என்று வெட்டிவிட்டாள். ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

இப்போது அந்த 'ஆனா'தான் சமையலறையில் அழுதுகொண்டிருந்தது.

அவள் போனபோது டிரைவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறடி மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெறும்வரை முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர், தண்ணீர்த் தம்ளரைத் தொடாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிரமாணப் பத்திரம் மடியில் கிடந்தது.

"டிரைவரண்ணே, என்ன இது?"

"இந்த மூணாவது பாரா மேடம். 'எவருடைய அனுமதியும் பெறாமல், உரிமையாளருக்கு எதிராக, பகிரங்கமாக அனுபவித்து வந்தேன்'னு இருக்கு. நர்சம்மாவுக்கு எதிராவா? நானா? அவங்களைக் கேக்காமயா?"

"கேட்டீங்களா?"

"ஒரு தடவையா கேட்டேன்? வருஷா வருஷம் கேட்டேனே!"

வேலியம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"வருஷா வருஷமா? எதுக்கு?"

"பஸ்ஸுக்கு வருஷா வருஷம் எல்லாம் புதுப்பிக்கறோம். தகுதிச் சான்று புதுப்பிக்கறோம், இன்சூரன்ஸ் புதுப்பிக்கறோம். அடுத்தவங்க இடத்துல நாற்காலி வண்டி ஓடுது. அதுக்குப் புதுப்பிக்க வேணாமா? ஒரு நோட்டுப் போட்டு வருஷம் பொறந்ததும் போய்க் கையெழுத்து வாங்கிடுவேன். பத்தொன்பது கையெழுத்து இருக்கு."

கணவர் அடுப்பைத் தணித்தார்.

"இருபத்தாறு வருஷத்துல உனக்கு இப்படி ஒரு கட்சிக்காரர் கிடைச்சதில்ல. ஃப்ரேம் போட்டு மாட்டு," என்றார்.

"நீங்க சும்மா இருங்க. அண்ணே, இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொல்ல வந்தேன் மேடம். ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லிட்டீங்க."

யார்மேல் கோபப்படுவது? வழக்கையே விழுங்கக்கூடிய ஒரு நோட்டு, அவள் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்குள் ஒளிந்திருந்தது.

அன்று சாயங்காலமே அவள் டிரைவர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் ஒரு கட்டு விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். நீல அட்டை போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே டிரைவரின் உருண்டைக் கையெழுத்தில் ஒரே வாசகம்: 'சந்தில் சரிவு இந்த வருஷமும் இருக்க அனுமதி வேண்டுகிறேன்.' கீழே நர்சம்மாவின் சாய்ந்த எழுத்து.

முதல் பக்கத்தில், 'அனுமதித்தேன்.' இரண்டாவதில், 'போன வருஷமே கொடுத்தேனே. சரி.' நாலாவதில், 'நீ டிரைவரா, வரி ஆபீசரா?' ஏழாவதில், 'கண் ஆபரேஷன் ஆனதால் கையெழுத்து கோணல். அனுமதியில் கோணல் இல்லை.' பலகைச் சரிவை மாற்றிச் சிமெண்ட் போட்ட பதினோராவது வருஷத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தாள். 'தாராளமாகச் சிமெண்ட் போடு. டீச்சர் நடமாடுகிற காலம்வரை இது அவள் வழி. நான் இல்லாவிட்டாலும்.'

வேலியம்மா அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள்.

"சொல்லுங்க மேடம்," என்றாள் டீச்சர். "கணக்கு டீச்சர்கிட்ட கணக்காவே சொல்லுங்க."

"இந்த நோட்டு இல்லைன்னா, நாலரை அடியும் உங்களுக்குச் சொந்தமாகறதுக்கு நூத்துக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருக்கு. நோட்டு இருந்தா நிலம் கிடைக்கவே கிடைக்காது. பூஜ்யம். ஆனா இந்தப் பதினோராவது பக்கத்தை வச்சு, நிலம் வேணாம், வழி மட்டும் கொடுங்கன்னு கேக்கலாம். கோர்ட் ஒத்துக்கலாம். அனுமதி கொடுத்தவங்களே போயிட்டாங்க, அதோட அனுமதியும் போச்சுன்னும் சொல்லலாம். பாதிக்குப் பாதி."

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. குரல் மட்டும் உடையவில்லை.

"எனக்கு இந்தச் சரிவு வேணும் மேடம். ஒளிக்காம சொல்றேன். ஒரு பொய்ல கிடைக்கும்னா நான் சொல்லிடுவேன். நாளைக்கே சொல்லிடுவேன். ஆனா இவர் சொல்லமாட்டார். எங்க வீட்டுப் பிரச்சினையே அதுதான்."

டிரைவர் குற்றவாளியைப்போலத் தலைகுனிந்து நின்றார்.

"உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விடறேன்," என்றார் மெதுவாக. "நர்சம்மாவுக்கு எதிரா இருந்தேன்னு மட்டும் என் வாயால வராது."

"உங்களுக்கு அறுபது வயசு. எனக்கு எடை ஐம்பத்தெட்டு. அந்தக் கணக்கும் தப்பு," என்றாள் டீச்சர். பிறகு அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நோட்டைக் காட்டிடுங்க மேடம். இந்த மனுஷனைப் பொய் சொல்லவச்சு அந்தச் சரிவுல நான் இறங்கினா, வண்டி நேரா போகாது."

வேலியம்மா எழுந்து வெளியே வந்து சந்தில் நின்றாள். விட்டுக்கொடுத்துத் தோற்கிற மனிதர்களைக் கண்டால் இத்தனை வருஷமாக அவளுக்குள் ஒரு எரிச்சல் வரும். அது அப்பாவின் முதுகைப் பார்த்து வந்த எரிச்சல். இன்று அது வரவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், வழுக்கிவிட்டது என்று சொல்லியிருப்பாள்.

எதிர்த்தரப்பு வக்கீலை மறுநாள் போனில் கூப்பிட்டு, காட்டவேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது என்றாள். "என் கட்சிக்காரரையே அனுப்பறேன். சமாதானமா முடிஞ்சா எனக்கும் தலைவலி இல்ல. அவர்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிடாதீங்க வேலியம்மா," என்றார் அவர்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு நர்சம்மாவின் மகன் வந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, தூக்கம் இல்லாத கண்கள். நாற்காலியின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுவதுபோல் உட்கார்ந்தான். டிரைவர் உட்காரவே இல்லை. சுவரோரம் நின்றார்.

"நான் சண்டை போட வரலை மேடம். வாங்கறவர் எல்லை சுத்தமா இருக்கணும்ங்கறார். அவ்வளவுதான். எனக்கு ஊர் திரும்பணும்," என்றான்.

"புரியுது. இதைப் படிங்க. இதைக் காட்டினா இவர் நிலம் கேக்கமுடியாதுன்னு தெரிஞ்சேதான் காட்டறேன். அவருக்கும் தெரியும்."

அவன் அலட்சியமாகத்தான் நோட்டைப் பிரித்தான். இரண்டாவது பக்கத்தில் புருவம் உயர்ந்தது. நாலாவது பக்கத்தில் தன்னையறியாமல் சிரித்தான். "அம்மா பேசற மாதிரியே இருக்கு," என்றான். ஏழாவது பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"கண் ஆபரேஷனா? எனக்குச் சொல்லவே இல்லையே."

உள்ளே கணவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

அவன் பதினைந்தாவது பக்கத்துக்கு வந்தான். 'மகன் வருவதாகச் சொன்னான். லீவு கிடைக்கவில்லையாம். அனுமதி.' அந்த ஒரு வரியிலேயே வெகுநேரம் நின்றான். பிறகு கடைசிப் பக்கம். எழுத்து நடுங்கித் தடுமாறியிருந்தது. 'படி இறங்க எனக்கும் முடியவில்லை. இப்போது நானும் உன் சரிவில்தான் இறங்குகிறேன். இனி நீதான் எனக்கு அனுமதி கொடுக்கணும், டிரைவரே.'

"இது... அம்மா எப்ப...?"

"கடைசி ஒரு வருஷம் தம்பி," என்றார் டிரைவர். "டீச்சரோட பழைய நாற்காலி ஒண்ணு இருந்தது. காலைல டீச்சரை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து, அம்மாவைச் சந்துச் சரிவு வழியா இறக்கி, தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போவேன். ரெண்டு டிரிப்பு. 'மெதுவாப் போடா, ஸ்டாப்புல ஆள் ஏத்தணும்'னு கேலி பண்ணுவாங்க."

"எங்கிட்ட போன்ல தினமும் நடக்கறேன்னு சொன்னாங்க."

"அப்படித்தான் சொல்லுவேன்னு சொன்னாங்க தம்பி. நீங்க அங்க தனியா இருக்கீங்க, கவலைப்படுவீங்கன்னு."

அவ்வளவுதான். இஸ்திரி கலையாத அந்தச் சட்டை குலுங்கியது. நாற்பத்தைந்து வயது மனிதன், ஒரு வக்கீலின் மேஜைமேல், வரைபடங்களுக்கு நடுவே நெற்றியை வைத்து அம்மா அம்மா என்று அழுதான். டிரைவர் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு, அவரும் அழுதார். வேலியம்மா சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். ஓர் எழுத்தும் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இந்த நோட்டை நான் எடுத்துட்டுப் போகலாமா?"

"முடியாது," என்றாள் வேலியம்மா. இருபத்தாறு வருஷப் பழக்கம் அவளை முந்திக்கொண்டது. அசல் கையை விட்டுப் போனால் வழக்கும் போயிற்று. இவர்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அது. "நகல் எடுத்துத் தரேன்."

"எடுத்துட்டுப் போங்க தம்பி," என்றார் டிரைவர்.

"அண்ணே!"

"அவங்க அம்மா கையெழுத்து மேடம். எனக்குப் பத்தொன்பது தடவை பார்க்கக் கிடைச்சது. அவருக்கு எங்க கிடைச்சது?"

வேலியம்மா எழுந்தேவிட்டாள். இந்த மனிதனை என்ன செய்வது? பதினோராவது பக்கம் கதவைத் தாண்டினால் டீச்சரின் பாதையும் கூடவே போகும். தடுக்கவேண்டும். வாய் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நோட்டு அவருடையது. கொடுக்கிறவர் அவர். அவள் வாயை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அசல் காகிதத்தின்மேலிருந்து கையை எடுத்தாள்.

அவன் நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, பதினோராவது பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்து, அவள் பக்கமாகத் தள்ளினான்.

"முதல்ல இதை எழுதுங்க மேடம். அம்மா எழுதினபடியே, ஒரு வார்த்தை மாறாம. டீச்சர் நடமாடற காலம்வரை அவங்க வழி. பதிவு பண்ணிடலாம். பண்ணின அன்னைக்கு நோட்டை வாங்கிக்கறேன். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"வாங்கறவர்?"

"இஷ்டம்னா வழியோட வாங்கட்டும். இல்லைன்னா வேற யாராச்சும் வாங்கட்டும். இப்பவே கையெழுத்துப் போடட்டுமா?"

"போடாதீங்க," என்றாள் வேலியம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உங்க வக்கீல் படிச்சுப் பார்க்காம எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது. சின்னக் குழந்தையா நீங்க?"

"நான் ஒரு தடவை பிழை பார்த்துடறேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலும் கரகரத்திருந்தது.

டிரைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். டீச்சர் வாசலில் காத்திருப்பாள். ஐந்து நிமிஷம் தாமதமானால் அத்தனை பிள்ளைகள் முன்னாலும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லுவாள்.

"நானும் வரட்டுமா?" என்றான் அவன். "டீச்சர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"வாங்க தம்பி. சொல்லிட்டு ஒரு அடி தள்ளி நில்லுங்க. சந்தோஷம் வந்தா அவ நாற்காலியை அப்படியே முன்னால விட்டுடுவா. கால்ல ஏறிடும்."

இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். அவன் திரும்பி நின்று, இரண்டு கையையும் கூப்பிவிட்டு டிரைவரின் வேக நடைக்கு ஈடுகொடுக்க ஓடினான். தெரு திரும்பி அவர்கள் மறையும்வரை வேலியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.